அம்மாவை ஸ்லீப் ஸ்டடிக்கு எப்படித் தயார்செய்வது?

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு வயது 57. தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், இப்போது பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை. இனிப்புநீர், ரத்தக்கொதிப்பு இரண்டும் உண்டு; ராத்திரியில் இன்சுலின் போடுகிறார். பலமான குறட்டை, விடிந்தால் தலைவலி, உட்கார்ந்த இடத்திலேயே கண் அசந்துவிடுகிறது. ஈப்போவில் ஓர் இரவு தங்கித் தூக்கப் பரிசோதனை செய்யத் தேதி கிடைத்திருக்கிறது. கையில் கொடுத்தது மலாயில் ஒரு பக்கத் தாள். தலைக்கு எண்ணெய் வைக்கலாமா, தாலியைக் கழற்றச் சொல்வார்களா, ஊசி மருந்தை என்ன செய்வது, மகள் கூடவே இருக்கலாமா, புது இடத்தில் அம்மாவுக்குத் தூக்கமே வராதே, அப்புறம் எதைப் பரிசோதிப்பார்கள் என்பவை அவருடைய கேள்விகள்.

தூக்க ஆய்வறையில் இரவு முழுக்க ஒயர் ஒட்டி, திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த வேலை என்னுடையது. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் எல்லாரும் பயப்படுவது அதற்குத்தான். அம்மா நன்றாகத் தூங்கிக் காட்ட வேண்டும் என்று அங்கே யாரும் எதிர்பார்ப்பதில்லை. வீட்டில் எப்படித் தூங்குகிறாரோ, அந்தக் கெட்ட தூக்கம்தான் அவர்களுக்கு வேண்டும். புது இடம், புதுக் கட்டில், உடம்பெல்லாம் ஒயர் என்றால் யாருக்கும் தூக்கம் குறையும். பதிவைப் படிப்பவர்களுக்கு அது தெரிந்த விஷயம், அதைக் கணக்கில் வைத்துத்தான் படிப்பார்கள். மொத்தம் மூன்று நான்கு மணி நேரம் விட்டுவிட்டுத் தூங்கினாலும் பெரும்பாலும் பதில் கிடைத்துவிடும். 'பொட்டுக்கூடக் கண் மூடவில்லை மிஸ்ஸி' என்று காலையில் சத்தியம் செய்பவர்களின் பதிவில் ஐந்து மணி நேரத் தூக்கம் இருப்பது எங்களுக்குச் சாதாரணம். அதனால் 'பரிசோதனைக்கு முன்னால் ரெண்டு நாள் தூங்காமல் இருந்தால் அங்கே நன்றாகத் தூக்கம் வரும்' என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். பக்கத்து வீட்டுக்காரரின் தூக்க மாத்திரையில் பாதியைக் கொடுத்து அனுப்புவதும் வேண்டாம். இரண்டுமே பதிவைக் கெடுக்கும். முன்னதில் தூக்கம் இயல்பைவிட ஆழமாகிவிடும். பின்னதில் தொண்டைத் தசை வழக்கத்துக்கு மேல் தளர்ந்து மூச்சடைப்பு கூடலாம், அல்லது தூக்கத்தின் அமைப்பே மாறிப்போகலாம்.

அங்கே தேடுவது என்ன என்று அம்மாவுக்கு இரண்டு வரியில் சொல்லி வையுங்கள். தூங்கும்போது தொண்டைத் தசை தளர்கிறது, சிலருக்கு நாக்கின் அடிப்பகுதி பின்னால் சரிந்து மூச்சுப்பாதையை அடைத்துவிடுகிறது. மூச்சு நிற்கிறது, ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது, மூளை பதறி ஒரு சில விநாடி விழித்து மூச்சை இழுக்க வைக்கிறது, மறுபடி தூக்கம், மறுபடி அடைப்பு. இது ராத்திரி முழுக்க நூற்றுக்கணக்கான தடவை நடந்தாலும் காலையில் எதுவும் ஞாபகம் இருக்காது. மிஞ்சுவது தலைவலியும் களைப்பும்தான். ராத்திரி மூன்று நான்கு தடவை ஒன்றுக்குப் போவதையும் நாம் இனிப்புநீர் தலையில் கட்டிவிடுகிறோம். இந்த மூச்சடைப்பும் அதற்குக் காரணமாகலாம். மருந்துக்கு அடங்காத ரத்தக்கொதிப்புக்கும் அப்படியே.

உங்கள் டாக்டர் அம்மாவை அனுப்பியதே பெரிய விஷயம் என்பேன். குறட்டை என்றால் தொந்தி வைத்த ஆம்பளை என்றுதான் எல்லார் மனதிலும் படம். மாதவிலக்கு நின்றபின் பெண்களுக்கு இந்தத் தொல்லை கூடுகிறது. ஆனால் அவர்கள் போய்ச் சொல்வது 'தூக்கமில்லை, அசதியாக இருக்கிறது, தலை வலிக்கிறது' என்று. சத்து மாத்திரையோடு திரும்பி வருவார்கள். குறட்டை விடுகிறேன் என்று டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்ல நம் அம்மாக்களுக்கு வெட்கம். அதனால் போகும் முன் நீங்கள் செய்யக்கூடிய மிக உபயோகமான வேலை ஒன்று உண்டு. அம்மா அசந்து தூங்கும்போது ஹேண்ட்போனில் ஒன்றிரண்டு நிமிட வீடியோ எடுங்கள். முகமும் நெஞ்சும் தெரிய வேண்டும், சத்தம் பதிவாக வேண்டும். குறட்டை சட்டென்று நின்று, நெஞ்சு மட்டும் ஏறி இறங்கிக்கொண்டு காற்று வராமல் இருந்து, பத்து விநாடிக்கு மேல் கழித்து ஒரு பெரிய உறுமலோடு மூச்சு திரும்புகிறதா என்று பாருங்கள். ஆய்வறையில் ராத்திரி எப்படிப் போனாலும், வீட்டில் நடப்பது இது என்று காட்ட அந்த வீடியோ இருக்கும். எடுப்பதை அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டுவிடாதீர்கள்.

ஒரு வாரத்துக்கு ஒரு நோட்டில் எழுதியும் வையுங்கள்: எத்தனை மணிக்குப் படுத்தார், எப்போது எழுந்தார், பகலில் தூங்கினாரா, ராத்திரி எத்தனை தடவை எழுந்தார். அங்கே எட்டுக் கேள்வி உள்ள ஒரு தாளையும் நிரப்பச் சொல்வார்கள். எப்வொர்த் அளவுகோல் என்று பெயர், 1990 வாக்கில் ஆஸ்திரேலியாவில் மர்ரே ஜான்ஸ் என்ற டாக்டர் உருவாக்கியது. டிவி பார்க்கும்போது, புத்தகம் படிக்கும்போது, பயணியாக வண்டியில் போகும்போது கண் அசருமா என்று 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 24. பத்துக்கு மேல் போனால் பகல் தூக்கம் அளவுக்கு மீறியது. இதில் நம்மவர்கள் தடுக்கி விழுவது ஒரே இடத்தில்தான். 'எனக்குத் தூக்கம் வரும், ஆனா வேலை நேரத்தில் தூங்க மாட்டேன்' என்று கௌரவமாக எல்லாவற்றுக்கும் சைபர் போட்டுவிடுவார்கள். படிக்கும் பழக்கமில்லை, கார் ஓட்டுவதில்லை என்றால் அந்தக் கேள்விகளுக்கும் சைபர். அப்படியில்லை. அந்த நிலையில் இருந்தால் கண் அசருமா என்று ஊகித்துப் போட வேண்டும். கோயிலில் உபந்நியாசம் கேட்கும்போது என்ன நடக்கிறது என்று அம்மாவைக் கேளுங்கள், உண்மை வெளியே வரும்.

இப்போது எண்ணெய். ஒரே வார்த்தையில்: கூடாது. ஆனால் காரணம் தெரிந்தால்தான் அம்மா கேட்பார். தலையில் ஆறு இடம், காதுக்குப் பின்னால் இரண்டு, நெற்றி அல்லது உச்சியில் ஒன்றிரண்டு என்று சின்னக் கிண்ணம் போன்ற தகடுகளைப் பசை வைத்து ஒட்டுகிறோம். மூளையின் மின் அலை லட்சத்தில் சில பங்கு வோல்ட்தான். தோலுக்கும் தகட்டுக்கும் நடுவே மெல்லிய எண்ணெய்ப்படலம் இருந்தாலும் அந்த அலை வராது, வெறும் இரைச்சல்தான் வரும். ஒவ்வொரு இடத்திலும் மின்தடை 5 கிலோ ஓமுக்குக் கீழே வர வேண்டும் என்பது கணக்கு. வருஷக்கணக்கில் தேங்காய் எண்ணெய் ஊறிய தலையில் அதைக் கொண்டுவர டெக்னீஷியன் சொரசொரப்பான ஜெல்லை வைத்துத் தேய்ப்பார், தேய்ப்பார், அம்மாவுக்கு எரிச்சல் எடுக்கும். ஒட்டியது நடுராத்திரியில் கழன்றால், அசந்து தூங்குகிற நேரத்தில் உள்ளே வந்து மறுபடி ஒட்டுவார்.

ஆகவே முந்தின நாளே எண்ணெயை நிறுத்துங்கள். பரிசோதனை அன்று மத்தியானம் ஷாம்பூ போட்டு இரண்டு முறை அலசுங்கள். கண்டிஷனர் வேண்டாம், அதுவும் படலம்தான். சீயக்காய் மட்டும் போட்டால் போதாது. தலை நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், அதனால்தான் மத்தியானம் என்கிறேன். ஈரத்தலையோடு ஏர்கோனில் படுத்தால் மூக்கடைத்துக்கொள்ளும். கொண்டையாகவோ இறுக்கிய பின்னலாகவோ போகாமல் தளர்வாகக் கட்டிக்கொண்டு போகட்டும். சவுரி, பூ எதுவும் வேண்டாம். தலையை மழிக்கச் சொல்ல மாட்டார்கள், ஒரு முடிகூட வெட்ட மாட்டார்கள். (தைப்பூசத்துக்கு மொட்டை போட்டவர்கள் வந்தால் எங்களுக்குக் கொண்டாட்டம், வேலை பாதி நேரத்தில் முடியும்.) முகத்துக்கும் இதே கதைதான். கண்ணோரம், நெற்றி, தாடை எல்லாவற்றிலும் ஒட்டுவதால் பவுடர், கிரீம், திருநீறு, ஒட்டுப்பொட்டு எல்லாவற்றையும் அங்கே போனதும் கழுவித் துடைக்கத்தான் வேண்டும். சாமி கும்பிட்டுத் திருநீறு பூசித்தான் கிளம்புவேன் என்றால் பூசட்டும். ஒட்டுகிற இடத்தை மட்டும் துடைத்துக்கொள்வார்கள்.

தாலியைப் பொதுவாகக் கழற்றத் தேவையில்லை. நெஞ்சிலும் வயிற்றிலும் ஒவ்வொரு பட்டை கட்டுவார்கள், நெஞ்சில் இதயத்துடிப்புக்கு இரண்டு தகடு ஒட்டுவார்கள். சங்கிலி அவற்றின்மேல் புரளாமல் இருந்தால் போதும். மஞ்சள் கயிறோ கொடியோ, 'இதைக் கழற்ற மாட்டேன்' என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டால் ஒட்டும்போது ஒதுக்கி வைத்துவிடுவார்கள், டேப்பும் போடுவார்கள். கழுத்தில் குறட்டைச் சத்தத்துக்கு ஒரு சின்ன மைக் ஒட்டுவதால் மற்றச் சங்கிலிகளை வீட்டிலேயே விட்டுப் போகலாம். தங்கத்தைச் சுமந்துகொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவது வேறு காரணத்துக்காகவும் நல்லதல்ல. மூக்குத்தி இருக்கலாம். மூக்கின் கீழே மெல்லிய குழாய் வரும், ஒற்றைக்கல் மூக்குத்தி அதைத் தடுக்காது. ஜிமிக்கி, பெரிய தோடு ஒயரில் மாட்டும், கழற்றிவிடுங்கள். விரலில் ஒரு கிளிப் மாட்டி, தோலின் வழியே ஒளியைச் செலுத்தித்தான் ஆக்சிஜன் அளவைப் பார்க்கிறார்கள். நகச்சாயம் இருந்தால் இரண்டு விரலிலாவது அழித்துவிடுங்கள். கல்யாண வீட்டு மருதாணி விரல்நுனியில் கருகருவென்று இருந்தாலும் முன்கூட்டிச் சொல்லுங்கள், வேறு இடம் பார்ப்பார்கள்.

உடை விஷயத்தில் நைட்டி வேண்டாம் என்பது என் கருத்து. இரண்டு முழங்காலுக்குக் கீழேயும் ஒயர் ஒட்டி அதை உடைக்குள்ளேயே மேலே கொண்டுவருவார்கள். நைட்டியோடு அதைச் செய்தால் புரளும்போது துணி மேலேறும், அறையில் கேமராவும் உண்டு. இருட்டிலும் படம் பிடிக்கும் கேமரா அது, ஒயர் கழன்றதா, கை கால் உதறுகிறாரா, எந்தப் பக்கம் படுத்திருக்கிறார் என்று பார்க்க. முன்பக்கம் பட்டன் வைத்த பருத்திச் சட்டையும் தளர்வான பாத்தேக் காற்சட்டையும் போதும், கூச்சமில்லாமல் இருக்கலாம். பெண் டெக்னீஷியன் வேண்டும் என்றால் தேதி உறுதிசெய்யும்போதே கேளுங்கள். அன்று ராத்திரி போய்க் கேட்டால் வேறு ஆள் இருக்காது. சொந்தத் தலையணை, போர்த்திக்கொள்ள ஒரு கைலி கொண்டுபோங்கள். லயத்து வீட்டுக் காற்றாடிக்குப் பழகிய உடம்புக்கு அந்த ஏர்கோன் நடுங்க வைக்கும், விரல் சில்லிட்டால் கிளிப்பும் சரியாக வேலை செய்யாது.

மருந்துதான் நிதானமாகப் பார்க்க வேண்டியது. பொது விதி: தினமும் சாப்பிடுவதை அன்றும் சாப்பிட வேண்டும், டாக்டர் வேறுவிதமாகச் சொல்லியிருந்தால் தவிர. பிரஷர் மாத்திரையை நிறுத்த வேண்டாம். மாத்திரைகளை அதனதன் பெட்டியோடு கையில் எடுத்துப் போங்கள், ஆய்வறையில் மருந்து கொடுக்க மாட்டார்கள். ராத்திரிக் கடமையில் இருப்பவர் பல இடங்களில் டெக்னீஷியன்தான், நர்ஸ் அல்ல. அதனால் இன்சுலின் ஊசியை அம்மா தானே போட்டுக்கொள்ளத் தயாராக வேண்டும். வழக்கமாகச் சாப்பிடும் நேரத்தில் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும். ராத்திரி எத்தனை மணிக்கு எத்தனை யூனிட் என்பதை சுங்கை சிப்புட் கிளினிக்கிலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், அன்றைய நேர மாற்றத்துக்கு ஏற்றபடி. சர்க்கரை பார்க்கும் மிஷின், இரண்டு பாக்கெட் பிஸ்கட், ஒரு சின்ன பாக்கெட் இனிப்புத் தண்ணீர் கட்டில் பக்கத்தில் இருக்கட்டும். 'உடம்பு வேர்த்து, கை நடுங்கி, படபடப்பாக வந்தால் கூப்பிடுவேன்' என்று படுக்கும் முன்பே டெக்னீஷியனிடம் சொல்லி வைக்க வேண்டும். ஒயர் போட்டிருக்கிறதே என்று அடக்கிக்கொண்டு படுத்திருக்கக் கூடாது.

தூக்க மாத்திரை, மனஅழுத்த மாத்திரை எடுப்பவர்கள் தானாக நிறுத்தவே கூடாது. சிலவற்றைச் சட்டென்று விட்டால் வலிப்பு வரை போகும். டாக்டரிடம் கேளுங்கள், அன்று என்ன எடுத்தார் என்பதை எழுதிக் கொடுங்கள், போதும். சளிக்குப் போடும் மஞ்சள் நிறப் பிரிட்டோன் மாத்திரையை யாரும் மருந்தாகவே கணக்கில் எடுப்பதில்லை. அதுவும் தூக்கம் வர வைப்பதுதான். லேகியம், ஜாமு, இணையத்தில் வாங்கிய மெலட்டோனின் எல்லாவற்றையும் பட்டியலில் எழுதுங்கள், யாரும் திட்ட மாட்டார்கள்.

இது அம்மாவுக்குப் பொருந்தாது, ஆனால் படிக்கும் மற்றவர்களுக்காக: அன்று மது வேண்டாம். பீரோ சம்சுவோ, தொண்டையைத் தளர்த்தி அடைப்பைக் கூட்டும். ஆனால் தினமும் நிறையக் குடிப்பவர் 'பரிசோதனைக்காக நிறுத்திட்டேன்' என்று ஒரேயடியாக நிறுத்துவது ஆபத்து. அதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். செம்பனைக் குலை லோரி, பஸ் ஓட்டுகிறவர்கள் லைசென்ஸ் போய்விடும் என்று பயந்து பகல் தூக்கத்தை மறைக்கிறார்கள். பயம் புரிகிறது. ஆனால் ஸ்டீயரிங்கில் ஒரு முறை கண் அசந்தால் போவது லைசென்ஸ் மட்டுமல்ல, சிகிச்சை எடுத்தவர்கள் திரும்பவும் வண்டி ஓட்டத்தான் செய்கிறார்கள்.

காலையில் ஒரு கோப்பி, ஒரு தே குடிக்கட்டும். அடியோடு விட்டால் பழக்கப்பட்டவர்களுக்குத் தலைவலி வந்து ராத்திரியும் கெடும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கோப்பி, தே, கோலா வேண்டாம். உள்ளே போன காஃபினில் பாதி குறையவே சுமார் ஐந்து மணி நேரம் பிடிக்கும். பகல் தூக்கமும் அன்று கூடாது. சளி, காய்ச்சல், மூக்கடைப்பு என்றால் போகாமல் விட்டுவிடாதீர்கள், போன் செய்து வேறு தேதி கேளுங்கள். வராமல் போனவர்கள் மறுபடி வரிசையின் கடைசிக்குப் போவார்கள், வரிசையோ மாதக்கணக்கில்.

நேரத்தைப் பற்றி ஒரு விஷயம், இது எந்தத் தாளிலும் இருக்காது. பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் விடியுமுன் பெயர் கொடுக்கும் வரிசைக்கு, போன உடம்பு நாலு, நாலரை மணிக்குத் தானாக எழுந்துவிடும், தோட்டத்தை விட்டு எத்தனை வருஷமானாலும். ஆய்வறையில் பத்து, பத்தரைக்குத்தான் விளக்கை அணைப்பார்கள், ஆறு மணி நேரப் பதிவாவது வேண்டும். தூக்கத்தில் கனவு காணும் கட்டம் ஒன்று உண்டு, கண் மட்டும் வேகமாக அசையும், மற்ற உடம்பு தளர்ந்து கிடக்கும். 1953-ல் சிகாகோவில் கண்டுபிடித்தார்கள். அந்தக் கட்டம் விடியற்காலையில்தான் அதிகம் வரும், மூச்சடைப்பும் அப்போதுதான் பலருக்கு மோசமாகும். அம்மா நாலு மணிக்கு எழுந்து உட்கார்ந்துவிட்டால் முக்கியமான பகுதி பதிவில் இல்லாமல் போகும். ஆகவே போனதுமே டெக்னீஷியனிடம் சொல்லுங்கள்: 'அம்மா ஒன்பது மணிக்கே படுப்பார், நாலரைக்கு எழுந்துவிடுவார்.' முடிந்தால் அவரை முதலில் தயார்செய்வார்கள். விழிப்பு வந்தாலும் எழாமல் கண்ணை மூடிப் படுத்திருக்கும்படி அம்மாவிடமும் சொல்லுங்கள். ராத்திரி ஷிப்ட் வேலை செய்பவர்கள் என்றால் இதைவிட முக்கியம், தேதி கொடுக்கும்போதே சொல்ல வேண்டும்.

அங்கே போனபின் நடப்பது: ஏழு எட்டு மணிக்கு வரச் சொல்வார்கள். அளவு நாடாவால் தலையை அளந்து பென்சிலால் புள்ளி வைத்து ஒட்ட முக்கால் மணி, ஒரு மணி நேரம் ஆகும். ஊசி கிடையாது. ஒயரில் கரண்ட் உடம்புக்குள் வராது, உடம்பிலிருந்து வரும் சிக்னலை எடுப்பது மட்டும்தான் அதன் வேலை. இதை அம்மாவுக்கு இரண்டு தடவை சொல்லுங்கள், 'ஷாக்' வைப்பார்கள் என்ற பயத்திலேயே வராமல் போனவர்கள் உண்டு. எல்லா ஒயரும் ஒரு சின்னப் பெட்டியில் சேரும். விளக்கை அணைத்தபின் ஸ்பீக்கரில் ஒரு குரல் வரும், பெரும்பாலும் மலாயில். பண்டாங் அத்தாஸ் என்றால் தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் மேலே, பண்டாங் பாவா என்றால் கீழே, கீரி இடது, கானான் வலது. கெலிப் மாத்தா, கண்ணைச் சிமிட்ட வேண்டும். கெத்தாப் கிகி, பல்லைக் கடிக்க வேண்டும். தாஹான் நாபாஸ், மூச்சை அடக்க வேண்டும். பிறகு குறட்டை விடுவதுபோல் சத்தம் போடச் சொல்வார்கள், பாதத்தை மேலும் கீழும் அசைக்கச் சொல்வார்கள். பொய்க்குறட்டை விடச் சொன்னதும் எல்லா அம்மாக்களும் சிரித்துவிடுவார்கள். பரவாயில்லை, சிரித்து முடித்துவிட்டுப் போடலாம். ஒவ்வொரு ஒயரும் வேலை செய்கிறதா என்று பார்க்கும் சோதனை அது. முதல் நாள் ராத்திரி வீட்டில் ஒருமுறை செய்து பார்த்தால் அம்மாவுக்குப் பதற்றம் பாதி குறையும்.

ஒன்றுக்குப் போக வேண்டும் என்றால் சும்மா வாய்விட்டுக் கூப்பிட்டால் போதும், மைக்கில் கேட்கும். டெக்னீஷியன் வந்து பெட்டியைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிவிடுவார், நடந்து போய் வரலாம். தானாக எழுந்தால் எல்லாம் பிய்ந்துவிடும். கூப்பிட வெட்கப்பட்டு அடக்கிக்கொண்டு படுத்தால் தூக்கமும் வராது. எப்படியும் ஒரு தடவையாவது மல்லாந்து படுக்கச் சொல்வார்கள், அந்த நிலையில்தான் பலருக்கு அடைப்பு மோசம்.

மகள் கூட இருக்கலாமா என்றால், பல இடங்களில் விடுவதில்லை. குழந்தைகள், தானாக நடமாட முடியாதவர்கள் என்றால் ஒருவருக்கு அனுமதி உண்டு. உங்கள் அம்மா நடமாடுகிறார் என்பதால் ஒட்டி முடிக்கும்வரை இருந்துவிட்டு நீங்கள் திரும்பலாம், அரை மணி நேர வழிதானே. மொழி சிரமம் என்றால் அதைச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள், உங்கள் போன் எண்ணையும் டெக்னீஷியனிடம் கொடுத்து வையுங்கள்.

நடுராத்திரியில் எழுப்பி மூக்கில் ஒரு மாஸ்க் மாட்டலாம். முன்பாதி இரவிலேயே அடைப்பு மிக அதிகம் என்று தெரிந்தால் மீதி இரவில் சிகிச்சையையும் சோதித்துப் பார்ப்பது உண்டு. அம்மாவிடம் இதை முன்பே சொல்லாவிட்டால், உயிருக்கு ஆபத்து வந்துதான் ஆக்சிஜன் வைக்கிறார்கள் என்று நினைத்துவிடுவார். அது ஆக்சிஜன் அல்ல, சாதாரண அறைக் காற்று. லேசான அழுத்தத்தில் ஊதி மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும் சீபாப் மிஷின். சிட்னியில் காலின் சல்லிவன் என்ற டாக்டர் 1981-ல் வெளியிட்ட முறை, இன்றுவரை இதற்கு முதன்மைச் சிகிச்சை அதுதான். படுக்கும் முன்பே மாஸ்க்கை ஒரு தடவை முகத்தில் வைத்துப் பார்க்கலாமா என்று கேளுங்கள். வாயை மூடி மூக்கால் மூச்சு விட்டால் சீக்கிரம் பழகும்.

சில தனியார் கிளினிக்குகளில் வீட்டுக்கே ஒரு சின்னக் கருவி கொடுத்து அனுப்புகிறார்கள். மூக்குக்குழாய், ஒரு பட்டை, விரல் கிளிப், அவ்வளவுதான். நல்ல கருவிதான், ஆனால் பெரும்பாலானவற்றில் மூளை அலை இல்லாததால் உண்மையில் எவ்வளவு நேரம் தூங்கினார் என்று அதற்குத் தெரியாது. விழித்துக் கிடந்த நேரத்தையும் சேர்த்து வகுப்பதால் எண் குறைவாகக் காட்டலாம். அதில் 'ஒன்றுமில்லை' என்று வந்து, தொல்லையும் இருந்தால், முழுப் பரிசோதனைக்குப் போகத்தான் வேண்டும். ஏற்கெனவே ஈப்போவில் தேதி கிடைத்திருக்கும்போது அதைக் கைவிட்டு இதற்குப் போகாதீர்கள்.

காலையில் ஐந்தரை, ஆறுக்கு எல்லாவற்றையும் கழற்றிவிடுவார்கள். தலையில் வெள்ளைப் பசை அங்கங்கே இருக்கும். வெந்நீரும் கண்டிஷனரும் போட்டால் வந்துவிடும், இப்போது எண்ணெயும் வைத்துக்கொள்ளலாம். தேய்த்த இடம் ஒரு நாள் சிவந்திருக்கலாம். அம்மாவை மோட்டாரில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிவராதீர்கள், அரைத் தூக்கத்தில் இருப்பார். கார் இல்லையென்றால் கிராப் பிடியுங்கள். அன்றைக்கு வேலைக்கு அனுப்ப வேண்டாம். எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்று) கிடைக்குமா என்பதை அங்கே போனதும் கேட்டுவிடுங்கள், காலையில் கேட்டால் கையெழுத்துப் போட டாக்டர் வந்திருக்க மாட்டார்.

'எப்படி இருந்தது மிஸ்ஸி?' என்று டெக்னீஷியனைக் கேட்டால் பதில் சொல்ல மாட்டார், சொல்லவும் கூடாது. மறைக்கிறார் என்று நினைக்காதீர்கள். பதிவை முப்பது முப்பது விநாடியாக ஒருவர் உட்கார்ந்து படிக்க வேண்டும், எட்டு மணி நேரம் என்றால் 960 துண்டு. பிறகு டாக்டர் பார்ப்பார். அதற்குச் சில வாரம் ஆகும். முடிவில் ஒரு எண் வரும்: மணிக்கு எத்தனை தடவை மூச்சு நின்றது அல்லது குறைந்தது என்று. ஐந்துக்குக் கீழே என்றால் இயல்பு, 15 வரை லேசு, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. அந்த எண்ணோடு ஆக்சிஜன் எவ்வளவு கீழே இறங்கியது, எவ்வளவு நேரம் அங்கேயே இருந்தது என்பதையும் கேளுங்கள். எண் சின்னதாக இருந்து ஆக்சிஜன் மோசமாக இறங்குபவர்களும் உண்டு.

முடிவு வருவதற்குள் மிஷின் விற்கிறவர்கள் போன் செய்தால் வாங்காதீர்கள். பேஸ்புக்கில் பாதி விலைக்கு வரும் பழைய மிஷின்களிலும் கவனம் தேவை. 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம், உள்ளே இருக்கும் நுரைப்பஞ்சு சிதைகிறது என்று தன் மிஷின்களில் பல லட்சத்தைத் திரும்பப் பெற்றது. அவற்றில் சில இன்னும் கைமாறிக்கொண்டிருக்கலாம். வாங்க வசதியில்லை என்றால் மருத்துவமனையில் இருக்கும் ஜபத்தான் கெர்ஜா சோசியல் பெருபாத்தானுக்கு (மருத்துவச் சமூகப்பணிப் பிரிவு) அனுப்பிவைக்கும்படி டாக்டரிடம் கேளுங்கள். அரசாங்க ஊழியராகவோ ஓய்வூதியக்காரராகவோ இருந்தால் மருத்துவக் கருவிக்கு விண்ணப்பிக்கத் தனி வழி உண்டு. அம்மா பள்ளியில் குத்தகை நிறுவனத்தின் கீழ் வேலை செய்கிறார் என்றால் அது பொருந்தாது, அதனால் முதல் வழியைப் பாருங்கள்.

ரிப்போர்ட்டின் பிரதி ஒன்றைக் கேட்டு வாங்கி அம்மாவின் இனிப்புநீர்ப் புத்தகத்தோடு வையுங்கள். பின்னால் கண் ஆபரேஷனோ வேறு எதுவோ வந்தால், மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரிடம் முதலில் காட்ட வேண்டிய தாள் அது.